ஏட்டில் உறங்கிய உரிமை

உரிமை உண்டு என்று எழுதிவிட்டால் போதுமா? எழுதியதை ஏட்டிலே வைத்து, ஏட்டைப் பெட்டியிலே வைத்து, பெட்டியின் சாவியை ஆதிக்கக்காரரின் இடுப்பிலே செருகிவிட்டால், அந்த உரிமையால் ஆவதென்ன? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஏட்டு உரிமையும் அத்தகையதே. அது பசியைப் போக்காது, பழியைத் துடைக்காது, பள்ளிக்கூடத்தின் கதவைத் திறக்காது.

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்திய காலம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டில் 1960-இல் தொடங்கி 1969-இல் முடிந்த பத்தாண்டுக் காலம் அது. நிலவிலே மனிதன் காலடி வைத்த காலம் என்று அதனைப் போற்றுவோர் உண்டு. இசையும் உடையும் தலைமுடியும் மாறிய காலம் என்று பேசுவோர் உண்டு. குடியரசுத் தலைவர் கென்னடியே பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமையை எண்ணிக் குமுறுவோரும் உண்டு. எல்லாம் நடந்தவைதாம், மறுப்பார் இல்லை. எனினும், நூறாண்டுக் காலமாக ஏட்டில் உறங்கிய உரிமையைத் தட்டி எழுப்பித் தெருவுக்கு அழைத்து வந்த காலம் என்பதே அதன் தலையாய சிறப்பு என்போம் நாம். எழுப்பியவர் எவர்? அமைச்சர்களா? நீதிபதிகளா? அவர்கள் பின்னர் வந்தனர். முன்னே சென்றவர்கள் மாணவர்கள், வயற் கூலிகள், வீட்டு வேலைக்காரப் பெண்கள், குப்பை அள்ளும் தொழிலாளர்கள்.

முன்கதையைச் சற்றே பார்ப்போம். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ஆம் ஆண்டில், அடிமை முறை ஒழிந்தது என்று அமெரிக்க அரசமைப்பில் எழுதினார்கள். 1868-இல், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று எழுதினார்கள். 1870-இல், இனத்தையோ நிறத்தையோ காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று எழுதினார்கள். அழகான எழுத்து! அருமையான எழுத்து! சில ஆண்டுகள் அந்த எழுத்துக்கு உயிரும் இருந்தது. கருப்பின மக்கள் வாக்களித்தனர், சட்டமன்றங்களிலும் அமர்ந்தனர். 1877-இல் மைய அரசின் படைகள் தென் மாநிலங்களில் காவற்பணியைக் கைவிட்டன. காவல் நீங்கியதும் பழைய ஆதிக்கம் பல்லைக் காட்டிற்று. வாக்களிக்க வரி என்றனர். எழுத்தறிவுத் தேர்வு என்றனர். மரக்கிளையில் தூக்குக் கயிறும் தொங்கிற்று. 1896-இல் உச்ச நீதிமன்றமே, "தனித்தனியாக வைக்கலாம், சமமாக இருந்தால் போதும்" என்று தீர்ப்புச் சொல்லிற்று. சமம் என்பது ஏட்டில் இருந்தது. தனி என்பது நாட்டில் நடந்தது. தனிப் பள்ளி, தனி இருக்கை, தனித் தண்ணீர்க் குழாய், தனி இடுகாடு!

1954-இல் அதே உச்ச நீதிமன்றம் தன் பழைய போக்கை மாற்றி, பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்கு மாறானது என்றது. வழக்காடி வென்றவர் தர்குட் மார்ஷல் என்னும் கருப்பின வழக்கறிஞர். 1955 டிசம்பரில் மாண்ட்கமரி நகரத்துக் கருப்பின மக்கள், பேருந்தில் எங்களுக்குப் பின் இருக்கையா என்று கேட்டு, 381 நாள்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தே சென்று வென்றனர். மார்ட்டின் லூதர் கிங் என்னும் 26 வயது இளைஞரை நாடு அறிந்தது அப்போதுதான்.

அந்தக் கிங் 1959-இல் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில், தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பயின்ற பள்ளிக்குச் சென்றார். அப்பள்ளியின் தலைவர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் ஒருவர் என்று அவரை அறிமுகப்படுத்தினாராம். கிங் திடுக்கிட்டார், சற்றுச் சினமும் கொண்டார். பிறகு தம் மக்களின் வாழ்வை எண்ணிப் பார்த்தார். ஆம், நானும் தீண்டப்படாதவனே, என் நாட்டுக் கருப்பர் ஒவ்வொருவரும் அப்படியே என்று உணர்ந்தார். 1965-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு சொற்பொழிவில் இதனைச் சொன்னவர் அவரேதான். இழிவுக்கு நாடு ஏது? நிறத்தின் பெயரால் அங்கு. பிறப்பின் பெயரால் இங்கு. நோய் ஒன்றே என்பதை அந்த நோயால் வருந்தியவரே கண்டு கூறினார்.

இனி, பத்தாண்டின் வாயிலுக்கு வருவோம்.

1960 பிப்ரவரித் திங்கள் முதல் நாள். வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்போரோ நகரம். இருபது வயது நிரம்பாத கருப்பின மாணவர்கள் நால்வர் ஊல்வொர்த் என்னும் பெரிய கடைக்குள் நுழைந்தனர். பற்பசை முதலான சில்லறைப் பொருள்களை வாங்கினர். கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டார். கருப்புக் கை தந்த காசு அது. அதனைத் தீண்டுவதில் தீட்டு இல்லை! பிறகு அதே கடையின் உணவுப் பகுதியில் அமர்ந்து காப்பி கேட்டனர். கிடையாது என்றனர். பற்பசை விற்ற கடை காப்பி விற்காதாம்! நால்வரும் எழவில்லை. கடை மூடும் வரை அமர்ந்திருந்தனர். மறுநாள் மேலும் பலர் வந்தனர். சில நாள்களில் நால்வர் நூற்றுக்கணக்கானோர் ஆயினர். இரண்டு திங்களுக்குள் 50-க்கும் மேற்பட்ட நகரங்களில் மாணவர்கள் இவ்வாறு அமர்ந்தனர். தலையில் உணவைக் கொட்டினர் வம்பர்கள். எரியும் சிகரெட்டால் சுட்டனர். இழுத்துப் போட்டு உதைத்தனர். மாணவர்கள் திருப்பி அடிக்கவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் அந்தக் கிரீன்ஸ்போரோ கடை பணிந்தது.

இந்த மாணவர்களை அந்த ஏப்ரலிலேயே ராலி நகரில் ஒன்றுகூட்டியவர் எல்லா பேக்கர் என்னும் 56 வயது அம்மையார். பெரிய அமைப்புகள் இளைஞர்களைத் தம் கிளையாக்கிக்கொள்ள விரும்பின. அவர் இடங்கொடுக்கவில்லை. உங்கள் போராட்டத்தை நீங்களே நடத்துங்கள் என்று அவர்களை ஊக்கினார். மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. தலைவர்களைத் தேடி அலையாதீர், மக்களிடமிருந்தே தலைவர்களை உருவாக்குங்கள் என்பது அந்த அம்மையாரின் வாழ்நாள் பாடம்.

அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்தது கேளுங்கள். ரூபி பிரிட்ஜஸ் என்னும் 6 வயதுச் சிறுமி வெள்ளையர் பள்ளி ஒன்றுக்குச் சென்றாள். முன்னும் பின்னும் மைய அரசின் காவலர்கள்! இரு புறமும் வசை பொழியும் கூட்டம்! வெள்ளையர் தம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து அழைத்துச் சென்றுவிட்டனர். பாஸ்டன் நகரிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியை ஒருவர் மட்டும் முன்வந்து, ஆண்டு முழுவதும் அந்த ஒரே குழந்தையை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தினார். காலியாகக் கிடந்த பலகைகளுக்கு நடுவே ஒரு குழந்தையும் ஓர் ஆசிரியையும்! 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்த அறையில்தான் உயிர் பெற்றது. ஆசிரியத் தொழிலில் உள்ள நாம், அந்த அறையை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் தலைநிமிர்கிறோம்.

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பேருந்துகளிலும் நிலையங்களிலும் இனப் பிரிவினை கூடாது என்று நீதிமன்றம் முன்னரே கூறியிருந்தது. கூறியது கூறியபடியே கிடந்தது. 1961 மே 4-ஆம் நாள் கருப்பரும் வெள்ளையருமாக 13 பேர் வாஷிங்டனில் பேருந்து ஏறினர். அலபாமா மாநிலத்து ஆனிஸ்டன் அருகே ஒரு பேருந்தைக் கொளுத்தினர் வெறியர். பயணத்தை நிறுத்துங்கள் என்று பலர் அறிவுரை சொன்னார்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த டயேன் நாஷ் என்னும் மாணவி, தீக்கு அஞ்சி நின்றால் தீ வைப்பதே வழக்கமாகிவிடும் என்று எண்ணி, நாஷ்வில் நகரிலிருந்து புதிய அணியை அனுப்பினார். மிசிசிப்பியில் 300-க்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் தொடங்கி, நிலையங்களில் "வெள்ளையருக்கு" என்ற பலகைகள் இறங்க வேண்டும் என்று ஆணை நடைமுறைக்கு வந்தது.

1963-இல் பர்மிங்காம். சிறையிலிருந்த கிங்குக்கு எட்டு வெள்ளை மத குருமார்கள் அறிவுரை வழங்கினார்கள்: அவசரம் வேண்டாம், அமைதி காக்கவும்! காலம் கனியட்டும் என்பது வசதியானவரின் வாதம். காயம் பட்டவனிடம் காத்திரு என்பது எளிது. கிங் சிறையிலிருந்தே விடை எழுதினார். மே 2-ஆம் நாள் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரம் பேருக்கு மேல் ஊர்வலம் சென்றனர். மறுநாள் நாய்களை ஏவினார்கள்; தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிப் பிள்ளைகளைச் சுவரோடு மோதச் செய்தார்கள். உலகச் செய்தித்தாள்கள் அந்தப் படங்களை வெளியிட்டன. செப்டம்பர் 15-ஆம் நாள், அதே ஊரின் மாதா கோயிலில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. கொன்றவர்களில் முதல்வனுக்குத் தண்டனை கிடைத்தது 1977-இல். மற்ற இருவருக்கு 2001-இலும் 2002-இலும்! நீதி வந்தது; நொண்டி நொண்டி வந்தது.

நாம் பகுத்தறிவாளர். உள்ளதை உள்ளபடி கூறுதல் பகுத்தறிவின் முதற்கடமை. கருப்பின மக்களின் மாதா கோயில்கள் போராட்டப் பாசறைகளாக விளங்கியது உண்மை. அடிமைத்தனத்துக்குச் சான்று காட்டியவர்களும் அதே வேதநூலைக் கையில் ஏந்தியது அதனினும் பழைய உண்மை. 1963 ஆகஸ்டு 28-ஆம் நாள் ஏறத்தாழ 2,50,000 மக்கள் கூடிய வாஷிங்டன் பேரணியின் தலைவர் பிலிப் ராண்டால்ஃப், தூங்கும் வசதி கொண்ட ரயில் பெட்டிகளில் பணியாற்றிய தொழிலாளரின் சங்கத்தைக் கட்டியவர். 1973-இல் மனிதநேயர் அறிக்கையில் கையெழுத்திட்டவர். பேரணியின் பெயரே வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி என்பதாகும். கிங்கின் கனவைப் போற்றுவோர், வேலை என்ற அந்த முதற்சொல்லை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

1964 ஜூலை 2-ஆம் நாள் குடியுரிமைச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார். உணவு விடுதியில், தங்கும் விடுதியில், திரையரங்கில், வேலையில் இன வேறுபாடு குற்றமாயிற்று. எளிதில் வந்ததா அது? செனட் சபையில் எதிர்ப்பாளர்கள் பேசிப் பேசியே 60 வேலை நாள்களைக் கடத்தினர். ஒருவர் தனியே 14 மணி நேரத்துக்கு மேல் பேசினார்!

அச்சட்டத்துக்குள் ஒரு வேடிக்கையும் உண்டு. வேலையில் பால் வேறுபாடும் கூடாது என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தவர், சட்டத்தையே எதிர்த்த வர்ஜீனியா உறுப்பினர் ஒருவர். அவையிலே சிரிப்பு எழுந்தது. பெண்ணுக்குச் சம உரிமை என்றால் சிரிப்பு! அந்தச் சிரிப்பே பெண்களுக்கு இரண்டாம் இடம் என்பதை மெய்ப்பிக்கிறது என்று மார்த்தா கிரிஃபித்ஸ் என்னும் பெண் உறுப்பினர் சுடச்சுடக் கூறினார். திருத்தம் நிறைவேறிற்று, நிறைவேறிய பின் உறங்கிற்று. செயற்படுத்த வேண்டிய ஆணையம் அசட்டையாக இருந்தது. திருமணமானால் வேலை போகும் என்ற விதியை விமானப் பணிப்பெண்கள் மீது பல கம்பெனிகள் சுமத்தி வந்தன. 1963-இல் பெட்டி ஃபிரீடன் எழுதிய நூல் இல்லத்தரசிகளின் உள்ளக் குமைச்சலை ஊரறியச் செய்திருந்தது. 1966-இல் பெண்கள் தமக்கெனத் தேசிய அமைப்பு கண்டனர். வாதாடினர், வழக்காடினர், விதிகள் வீழ்ந்தன. வாஷிங்டன் பேரணியின் முதன்மை உரைகளில் பெண் ஒருவருக்கும் இடம் தரப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். விடுதலை கேட்பவன் தன் வீட்டுக்குள்ளே ஆதிக்கம் செலுத்தலாமா?

வாக்குரிமை எஞ்சி நின்றது. மிசிசிப்பியில் 1964-இல் கூட, வாக்களிக்கும் வயதுடைய கருப்பருள் நூற்றுக்கு 7 பேர் கூடப் பட்டியலில் இல்லை. ஃபேனி லூ ஹேமர் என்னும் பருத்தி வயற் கூலிப் பெண் 1962-இல் பெயர் பதியச் சென்றார். மாநில அரசமைப்பின் ஒரு பகுதிக்கு விளக்கம் எழுது என்றனர்! வீடு திரும்பியதும், 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையை விட்டு வெளியேறு என்றான் பண்ணையார். 1963-இல் சிறையில் அவரை அடித்து நொறுக்கினர். 1964 ஆகஸ்டில் சனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் அமர்ந்து இவற்றையெல்லாம் எடுத்துரைத்தார். தொலைக்காட்சி அதனைக் காட்டாதிருக்க ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர் கூட்டம் கூட்டினார். பயன் என்ன? அன்றிரவே அவர் பேச்சு ஒளிபரப்பாயிற்று. பள்ளிப்படிப்பை முடிக்காத உழவுக்காரியின் சொல், குடியரசுத் தலைவரின் சூழ்ச்சியை வென்றது.

1965 மார்ச் 7-ஆம் நாள் செல்மா நகரப் பாலத்தில் 600 பேர் நடந்தனர். குதிரைப்படையும் தடியும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. 25 வயது ஜான் லூயிசின் மண்டை பிளந்தது. மார்ச் 25-இல் அதே வழியாக நடந்து மாண்ட்கமரி சேர்ந்தபோது கூட்டம் 25,000 ஆகியிருந்தது. ஆகஸ்டு 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இம்முறை வெறும் எழுத்தாக வரவில்லை. எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்பட்டது. பெயர் பதிய மைய அரசின் அலுவலர்கள் சென்றனர். வரலாற்றுக் கறை படிந்த மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் மைய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்று கடிவாளம் இடப்பட்டது. விளைவு? 1967-இல் மிசிசிப்பிக் கருப்பருள் நூற்றுக்கு 60 பேர் அளவில் பட்டியலில் இருந்தனர். எழுத்தோடு காவலும் சேர்ந்தால் நிகழ்வது இது.

அந்த 1965 அக்டோபரிலேயே, 1924 முதல் நடந்துவந்த நாட்டுவாரிக் குடியேற்ற ஒதுக்கீடும் நீங்கிற்று. 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 100 இந்தியர் மட்டுமே குடியேற இடம் இருந்தது. இன்று அமெரிக்காவில் மருத்துவராகவும் பொறியாளராகவும் வாழும் தமிழர், தாம் நுழைந்த கதவைத் திறந்த காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். இனப் பாகுபாடு இழிவு என்று நாட்டை உணரச் செய்தவர்கள் பேருந்தில் எரிந்தவர்களும் பாலத்தில் அடிபட்டவர்களும் ஆவர்.

பகுத்தறிவுக்கும் அந்தப் பத்தாண்டில் வெற்றிகள் உண்டு. 1962-இலும் 1963-இலும், அரசுப் பள்ளிகளில் பிரார்த்தனையும் வேத வாசிப்பும் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மனிதன் கீழான உயிரிலிருந்து வளர்ச்சி பெற்றவன் என்று கற்பிப்பதை 1928 முதல் ஆர்க்கன்சாஸ் மாநிலம் குற்றமாக்கியிருந்தது. சூசன் எப்பர்சன் என்னும் இளம் உயிரியல் ஆசிரியை வழக்குத் தொடுத்தார். 1968 நவம்பரில் அத்தடை வீழ்ந்தது. அதற்கு முன், 1967-இல், கருப்பு வெள்ளை கலப்பு மணத்தைத் தடுத்த 16 மாநிலச் சட்டங்களும் லவிங் தம்பதியர் வழக்கில் சரிந்தன. அவ்வழக்கில் கீழ் நீதிபதி என்ன சொல்லியிருந்தார் தெரியுமா? இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தவர் கடவுள், எனவே கலப்பது அவர் எண்ணமன்று என்றார்! கடவுளின் எண்ணம் நீதிபதிக்கு எப்படித் தெரிந்ததோ! ஆப்பிரிக்கரைக் கப்பலேற்றிக் கடல் கடத்தியவர்களிடம் இந்தக் கண்டக் கணக்கை எவரும் கேட்கவில்லை போலும்! அவ்வாண்டே, வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், உச்ச நீதிமன்றத்தின் முதல் கருப்பின நீதிபதியாக அமர்ந்தார்.

எல்லாம் இன்பமாக முடிந்ததா? இல்லை. விடுதியில் அமரும் உரிமை வந்தது. விடுதியில் உண்ணப் பணம் எங்கே? 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதி பற்றி எரிந்தது. 34 பேர் மாண்டனர். வியட்நாம் போர் வறுமை ஒழிப்புக்கான பொருளை விழுங்கிற்று. 1967-இல் கிங் அந்தப் போரைக் கண்டித்தார். நண்பர்களும் முகம் சுளித்தனர். 1968-இல் மெம்ஃபிஸ் நகரத்துக் குப்பைத் தொழிலாளர் இருவர் வண்டி இயந்திரத்தில் நசுங்கி மாண்டனர். 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்து, "நான் மனிதன்" என்ற அட்டையை ஏந்தி நடந்தனர். கூலி கேட்டவர்கள் முதலில் மனிதன் என்ற பெயரைக் கேட்க வேண்டியிருந்தது! அவர்களுக்குத் துணை நிற்கச் சென்ற இடத்தில்தான், ஏப்ரல் 4-ஆம் நாள் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். 1969 ஜூலையில், நிலவுக்குப் புறப்படும் ஊர்தியைக் காண உலகம் திரண்ட இடத்துக்கு, கிங்கின் தோழர் ஆபர்நாத்தி கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளோடு ஏழை மக்களை அழைத்துச் சென்றார். வானத்தை அளந்த அறிவை நாம் வாழ்த்துகிறோம். அந்த அறிவு அடுப்படியையும் எட்டிப் பார்க்கட்டும் என்ற அந்த ஏழைகளின் கோரிக்கையையும் வாழ்த்துகிறோம்.

தோழர்களே! கதை அங்கே முடிந்திருந்தால், வென்றோம் என்று ஏட்டை மூடிவிடலாம். 2013-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஐவர், வாக்குரிமைச் சட்டத்தின் கடிவாளத்தைக் கழற்றினர். எந்தெந்த மாநிலங்கள் ஒப்புதல் பெற வேண்டும் என்ற வரையறை பழையது, செல்லாது என்றனர். மழையில் நனையவில்லையே, குடை எதற்கு என்று, மழைக்கு நடுவே குடையை வீசுவதா என்று மாறுபட்ட நீதிபதி கின்ஸ்பர்க் அம்மையார் கேட்டார். தீர்ப்பு வந்த சில மணி நேரத்திலேயே டெக்சாஸ் மாநிலம், தடுத்து வைக்கப்பட்டிருந்த தன் வாக்காளர் அடையாளச் சட்டத்தைச் செயற்படுத்தப் போவதாக அறிவித்தது. 1877-இல் காவல் நீங்கியதும் நிகழ்ந்ததை அறிந்தவர்கள் இதைக் கண்டு வியக்கவில்லை.

சட்டம் வேண்டும், சட்டமின்றி உரிமைக்கு உருவமில்லை. ஆனால் சட்டம் தானே நடந்து வந்து கதவைத் தட்டாது. அதனை நடத்திக் கொண்டுவர நால்வர் வேண்டும், ஒரு நாற்காலியிலே அமர்ந்து எழ மறுக்கும் நால்வர். வந்த பின் அதனைக் காக்க ஊரே வேண்டும். நம் நாட்டிலும் ஏட்டில் எழுதிய சமத்துவம் உண்டு. தீண்டாமை ஒழிந்தது என்று எழுதிய அரசமைப்பு உண்டு. எழுதிய உரிமை நம் தெருவில் நடமாடுகிறதா என்று ஊர்தோறும், பள்ளிதோறும், குளத்துப் படிதோறும் சென்று பார்ப்பது நம் வேலை. நடமாடாத இடம் கண்டால், அங்கே சென்று அமர்வதும் நம் வேலையே.